பேச்சில் சொன்ன வர்ணம்

பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப் போன இரண்டாவது வருஷம் எனக்குப் பாட்டு நின்றுபோனது. தொண்டையில் புண் இல்லை, சளி இல்லை. பேச்சு வந்தது. பாட வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில். இன்றைக்கு இதற்குப் பெயர்கள் இருக்கின்றன, பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் இதை என்னவென்று சொல்வது என்றே தெரியவில்லை.

எங்களுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. தேங்காய், சூடம், விபூதி, காவடிக்கு மயில்தோகை என்று சாமி கும்பிட வருகிறவர்கள் வாங்கும் சாமான்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பேன். வாங்க வந்தவர்கள் நின்று கேட்பார்கள். "யாருங்க பாடுறது?" என்று கேட்டால் அப்பா, "நம்ம புள்ளதான்" என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கிருத்திகை பஜனைகளில் என்னைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் பெண்களையும் சங்கீதம் படிக்கச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் அப்பா இரண்டு முறை யோசிக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து படிக்க வெளியூர் போன முதல் பெண் நான்.

பெண்கள் விடுதியில் ஒருவரையொருவர் பெரும்பாலும் ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் பழனி. எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர் ஒருவர் கொடைக்கானல் அக்கா. அவர் வீணை. சரஸ்வதி பூஜைக்கு அவரைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார்கள். அவருடைய இடது கை விரல் நுனிகளில் தந்தி அழுத்திய பள்ளம் கறுத்துப் போயிருக்கும். புதிதாகச் சேர்ந்த நாங்கள் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்து அதிசயப்பட்டோம்.

விடியும் முன்னே எழுந்து சாதகம் பண்ண வேண்டும். தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அறைக்கு அறை தம்பூரா கேட்கும். முதல் வருஷம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பதே சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வருஷம் என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் குரலைக் கேட்பதை விட்டுவிட்டு மற்றவர்களின் குரலைக் கேட்க ஆரம்பித்தேன். பக்கத்து அறைப் பெண்ணுக்கு மேல் ஸ்தாயி எத்தனை சுலபமாகப் போகிறது, எதிர் அறைப் பெண்ணுக்கு ஸ்வரம் எத்தனை சுத்தமாக விழுகிறது என்று மனசு கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். என் வாய் பாடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வாத்தியார் தோடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் காந்தாரத்தில் ஒரு அசைவு இருக்கிறது. நான் அங்கே வரும்போதெல்லாம் கையை உயர்த்துவார். "மறுபடி." திரும்பப் பாடுவேன். "மறுபடி." அவர் கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் வகுப்பில் அத்தனை பேருக்கு முன்னால் அந்த ஒரு ஸ்வரத்தில் நிற்பதும் திரும்புவதுமாக ஒரு மாதம் போனபோது, எனக்குத் தூக்கத்தில்கூட அந்தக் கை உயர்வது தெரிந்தது.

எனக்கு மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. வகுப்புக்கு முன்னால் கூடத்துக்குப் பின்புறம் குழாயடியில் தினமும் வாந்தி எடுத்த பெண் ஒருத்தி இருந்தாள். வயலின் வாசித்த ஒருத்தி ரத்தம் வரும்வரை நகத்தைக் கடித்துவிட்டு, வில் பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டு வருவாள். எல்லாருக்கும் தெரியும். "உஷ்ணம்" என்போம். மோர் வாங்கிக் கொடுப்போம். பயமாக இருக்கிறது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சங்கீதம் படிக்க வந்தவர்களுக்குச் சங்கீதத்தைக் கண்டு என்ன பயம்?

கொடைக்கானல் அக்கா கடைசி வருஷத்தின் நடுவில் ஒரு நாள் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். எங்களில் பலருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்து என் முறை வந்தது. சோறு மண் மாதிரி இருந்தது. தலை சீவிக்கொள்வது பெரிய மலையாகத் தெரிந்தது. விடியற்காலையில் மற்றவர்கள் சாதகம் பண்ணும்போது நான் போர்வைக்குள் கண்ணைத் திறந்தபடி கிடப்பேன். முதலில் அழுகை வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அழுகை இருந்தபோது தேவலாம் போலிருந்தது.

வருஷப் பரீட்சையில் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். என் வாத்தியார் ஓரமாக இருந்தார். வெளியூரிலிருந்து வந்த பெரியவர், "ஒரு வர்ணம் பாடும்மா" என்றார். தம்பூராவை மீட்டினேன். எல்லாம் தெரிந்திருந்தது. வர்ணம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மனசுக்குள் தடையில்லாமல் ஓடியது. வாயைத் திறந்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

"பயப்படாதே. தண்ணி குடிச்சிட்டுப் பாடு" என்றார்.

குடித்தேன். திரும்ப மீட்டினேன். தாளம் போடத் தயாராக இருந்த அவர் கை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மடியில் இறங்கியது. என் வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போய்ட்டு வாம்மா" என்று அவர்கள் சொல்லும்வரை நான் மீட்டிக்கொண்டே இருந்தேன்.

விடுதி அம்மா தந்தி கொடுத்து அண்ணனை வரவழைத்தார். ரயிலில் அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா பாப்பா?"

"இல்லண்ணே."

"எவனாச்சும் வம்பு கிம்பு பண்ணுனானா? சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

அதற்கு மேல் அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய ஸ்டேஷன் வரும்போதெல்லாம் இறங்கி இட்லி வாங்கி வந்தான். நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா கண்ணேறு என்றாள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். சந்நிதித் தெரு டாக்டர், "நரம்புத் தளர்ச்சி, மலைக்காத்துப் பட்டா சரியாப் போகும்" என்றார். அப்பா கடைக்கு வந்தவர்களிடம், "தொண்டை கட்டிக்கிட்டு கெடக்குங்க" என்று சொல்லிவந்தார். கந்த சஷ்டி வந்தது. தெரு முழுக்க மேளமும் அரோகராவும். நான் பின்கட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரே ஒரு வரி பாடு தாயி. ஒங்க அப்பா மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அவளுக்காக வாயைத் திறந்தேன். அவளே என் வாயைக் கையால் மூடிவிட்டு எழுந்து போனாள்.

வரன் பேச வருகிறவர்கள் பார்ப்பதற்குள் என்னைக் கொஞ்ச நாள் கொடைக்கானலில் வைப்பது என்று முடிவானது. அப்பாவின் அக்கா, என் அத்தை, துணைக்கு வந்தார். அத்தைக்குக் கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எங்கள் வீட்டுச் சமையல் அவர் கையில்தான் இருந்தது. "மேல குளிருமாம்ல. குளிரட்டும். எனக்கு இங்க என்ன சோலி கெடக்கு" என்று ஒரு டிரங்குப் பெட்டியில் மிளகாய்ப்பொடியும் புளியும் கட்டிக்கொண்டார்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். ஆனால் ஒட்டன்சத்திரம், செம்பட்டி என்று சுற்றி வத்தலக்குண்டு போய் அங்கே வேறு பஸ் பிடித்துத்தான் ஏற வேண்டும். மலைப்பாதையில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடி வந்தார். எனக்குப் பயம் வரவில்லை. பள்ளத்தைப் பார்த்தேன். அதுவும் மற்ற எல்லாவற்றையும் போலத்தான் இருந்தது.

சந்தைக்குக் கீழே, பூண்டி என்ற மலைக்கிராமத்துக்காரர் ஒருவருடைய வீட்டில் பின்பக்க அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பூண்டியில் விளைந்த வெள்ளைப்பூண்டைக் கொண்டுவந்து அங்கே காயவைத்து விற்பார்கள். வீடு முழுக்க அந்த வாசனை. சீசன் முடிந்து ஊர் காலியாகக் கிடந்தது. பிற்பகலானால் மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கும். மிஷன் டாக்டரம்மா ஒருவர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் தூக்கம் வரும். விழித்தால் தூங்கியது மாதிரி இருக்காது. வெயில் வந்தால் அத்தை என்னை இழுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார வைப்பார். போர்டிங் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அந்த வழியாகப் போவார்கள். ஏதோ பாட்டைச் சுருதியே சேராமல் கத்திக்கொண்டு, தாங்களே சிரித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அத்தை கேரட் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, கோட்டும் கழுத்தில் மப்ளருமாக ஒரு உயரமான மனிதர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றது கொடைக்கானல் அக்கா. உடம்பு பாதியாகியிருந்தது. கழுத்தில் தாலி இல்லை.

"அக்கா" என்றேன்.

என்னை வெகுநேரம் பார்த்தார். "உன்னைத் தெரியும். எங்கேன்னு வரமாட்டேங்குது."

"பழனி. ஹாஸ்டல்ல கிணத்துப் பக்கத்து ரூம்."

"பழனி" என்று தலையாட்டினார். ஞாபகம் வந்ததா, மரியாதைக்குச் சொன்னாரா தெரியவில்லை.

அவருடைய அப்பா எஸ்டேட் ஒன்றில் கணக்கு பார்ப்பவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீயும் மியூசிக் ஸ்டூடண்டா? லீவுக்கு வந்தியாம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "தொண்டை சரியில்லைங்க" என்றார். அவர் உடனே, "எங்க பொண்ணுக்கும் கொஞ்சம் வீக்னெஸ். கிளைமேட்டுக்காக வச்சிருக்கோம்" என்றார். இரண்டு பெரியவர்களும் அதற்குமேல் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா பிற்பகல்களில் எங்கள் அறைக்கு வர ஆரம்பித்தார். அத்தை கணப்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைப்பார். நாங்கள் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் எல்லாரும் என் முகத்தில் எதையாவது தேடுவார்கள். அவர் தேடவில்லை.

ஒரு நாள் அவராகவே சொன்னார். "கடைசி வருஷக் கச்சேரிக்குச் சாதகம் பண்ணிட்டிருந்தேன். ஒரு நாள் காலைல இந்தக் கை என்னோடது இல்லைன்னு தோணிச்சு. வீணை மெட்டு மேல விரல் கெடக்கு. யாரோ வச்சுட்டுப் போன மாதிரி கெடக்கு. அழுத்துன்னா அழுத்தமாட்டேங்குது. அப்புறம் சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு. கிணத்தைப் பாத்துட்டே நிப்பேன். ரூம்ல இருந்த பொண்ணு வார்டன்கிட்ட சொல்லிடுச்சு."

"அப்புறம்?"

"கீழே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. தலைக்குக் கரண்டு வச்சாங்க. நெறைய தடவை." வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "கை திரும்பி வந்துடுச்சு, பழனி. இப்ப விரல் அழுத்துது. ஆனா வாசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எடுத்த ரெண்டு வரி வருது, அப்புறம் சுவர். அப்பா பேரு ஞாபகம் இருக்கு, பஸ் ரூட்டு ஞாபகம் இருக்கு. படிச்ச வர்ணம், கீர்த்தனைன்னு உருப்படியெல்லாம் போயிடுச்சு."

எனக்கு உருப்படியெல்லாம் இருந்தது. பாடத்தான் முடியவில்லை. அதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் அப்பாவின் எஸ்டேட் ஆள் வீணையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, அக்கா வந்தார். குளிரில் மெட்டுகளைப் பிடித்திருந்த மெழுகு வெடித்திருந்தது. பூண்டி வீட்டுக்காரர் தேன்மெழுகை உருக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து மெட்டுகளைச் சரிசெய்தார் அக்கா.

"கல்யாணி வர்ணம் சொல்லு" என்றார்.

"எனக்குப் பாட வராதுக்கா."

"பாடாதே. சொல்லு. விலாசம் சொல்றாப்ல சொல்லு."

அப்படியே சொன்னேன். ஸ்வரங்களை ராகம் இல்லாமல், வெறும் பேச்சாக. இந்த இடம் நீட்டு, இந்த இடம் அசைவு, இங்கே இரண்டு அட்சரம் நில் என்று. அவர் வாசித்தார். நான் சொன்ன வரி அவருக்கு மறுநாள் பாதிதான் இருக்கும். திரும்பச் சொல்வேன். "மறுபடி" என்ற வார்த்தையை மட்டும் நாங்கள் சொல்லமாட்டோம். "அதான்க்கா, அந்த இடம்" என்பேன். அவர் திரும்ப வாசிப்பார். அத்தை கதவோரம் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். "இதென்ன பாட்டா, வாய்ப்பாடா?" என்று ஒரு நாள் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை ஒரு ஸ்வரத்தைச் சொல்லும்போது அது கொஞ்சம் நீண்டது. பேச்சு மாதிரி இல்லை. அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். கதவோரத்தில் அத்தையின் கை நின்றது. அடுத்த ஸ்வரம் பழையபடி பேச்சாகத்தான் வந்தது. பிறகு எத்தனை முயன்றும் அது திரும்பவில்லை.

பங்குனி வெயில் வந்தபோது அவருக்கு வர்ணம் முழுசாகக் கிடைத்திருந்தது. நிற்காமல், சுவர் இல்லாமல், கடைசிவரை வாசித்தார். அன்றைக்கு அவருடைய அப்பா எஸ்டேட்டிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் எங்களுக்கு ஒரு கூடை மலைவாழைப்பழம் வந்தது.

"பொண்ணு இப்ப ஆல் ரைட்" என்று அத்தையிடம் சொன்னார். "நல்ல இடம் ஒண்ணு வந்திருக்குங்க. திண்டுக்கல். பேங்க்ல வேலை."

அத்தை கேட்டார், "அவுங்க கிட்ட வெவரம் சொல்லிட்டீங்களா?"

"எதுக்குங்க? அதான் வாசிக்கிறாளே."

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள் என்று அக்காவும் தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அக்காவுக்கும் அதே பதில்தான். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் அப்பாவும் எனக்காக ஊரெல்லாம் தொண்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்தான். பெண்ணைப் பெற்றவர்கள் வேறு என்ன செய்திருப்பார்கள் அன்றைக்கு?

கல்யாணம் பழனியில், அடிவாரத்து மண்டபத்தில். நானும் அத்தையும் அதற்காகவே இறங்கி வந்தோம். பிறகு நான் மேலே தங்கப் போகவில்லை. சாயங்காலம் நலங்கில் மாப்பிள்ளை வீட்டார் வீணை கேட்டார்கள். அக்கா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து எங்கள் கல்யாணி வர்ணத்தை எடுத்தார். கூடம் அமைதியானது. சரணத்துக்கு வந்தபோது விரல் நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மட்டும் அந்த நிறுத்தத்தை அறிவேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அடுத்த வரியை மெல்லச் சொன்னேன். பிடித்துக்கொண்டு முடித்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மாப்பிள்ளையின் தங்கை என்னைப் பார்த்து, "நீங்கதான் டீச்சருங்களா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை சாதுவாக இருந்தார். எனக்கு அன்று ஏதோ ஒரு நம்பிக்கை வந்தது. அக்காவுக்காகத்தான் வந்தது. என்னைப் பற்றி அந்த மாதிரி நினைக்கிற பழக்கம் அதற்குள் போய்விட்டது.

அதே வருஷத்துக்குள் அக்கா பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பூண்டி வீட்டுக்கார அம்மா மொட்டை போட வந்தபோது கடையில் நின்று சொன்னார். நானும் அத்தையும் பஸ் ஏறினோம்.

அக்காவுடைய அம்மா எங்களை உள்ளே விட்டார். என்ன நடந்தது என்று அவர் அப்பாதான் சொன்னார். திண்டுக்கல் வீட்டில் விருந்தாளிகள் வந்தால் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாசிக்கும்போது நின்றிருக்கிறது. மாமியார் ஒரு நாள் சாதாரணமாக, "இத்தனை படிச்சும் ஏன்மா மறக்குது?" என்று கேட்டிருக்கிறார். "எனக்குத் தலைல கரண்டு வச்சாங்க அத்தை, அதனாலதான்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

"கேட்டாங்களாம், சொன்னாளாம்" என்றார் அவர் அப்பா. "அவங்க அடிக்கல, திட்டல. பாத்திரம் பண்டமெல்லாம் ஒண்ணு விடாம ஒழுங்காக் கட்டி, வண்டி வச்சு, பொண்ணையும் அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளைதான் வந்து விட்டுட்டுப் போனாரு. காப்பிகூடக் குடிச்சாரு."

அதற்குப் பிறகு அக்காவைத் திரும்பவும் அந்த டாக்டரிடம் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பவும் கரண்டு. நாங்கள் போன அன்று அவர் பின்பக்கம் வெயிலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு ஊதியிருந்தது. விரல் நுனிகளில் பள்ளம் இல்லை, தோல் மழுமழுவென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க" என்றார். என்னை அவர் ஒருநாளும் வாங்க என்று சொன்னதில்லை.

அத்தை அவர் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எங்கள் வழக்கப்படி, கல்யாணி வர்ணத்தின் ஸ்வரங்களை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பல்லவி முடிந்தது. அனுபல்லவி முடிந்தது. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் விரல் மடியில் அசையும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். அசையவில்லை.

"நல்லா இருக்கு" என்றார். "இது என்ன ராகம்?"

நான் சொன்னேன். "அப்படியா" என்றார்.

இறங்கும் பஸ்ஸில் அத்தை இந்தமுறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முருகனையும் கூப்பிடவில்லை. வத்தலக்குண்டு வரும்வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். பஸ் மாறும்போது, "ஒன்னைய ஒண்ணும் பண்ண விடமாட்டேன் தாயி. நீ பாடாட்டிப் போ" என்றார். அவர் சொன்னபடி நடந்தார். அண்ணன் ஒருமுறை அந்தக் கரண்டு வைக்கிற டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டபோது அத்தை உலக்கையைக் கீழே வைக்காமலே வாசலுக்கு வந்து நின்றார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

என் வரன்கள் வந்தார்கள், போனார்கள். எனக்குத் தொண்டைக் கோளாறு இல்லை, வேறு என்று வந்தவர்களிடம் நானே சொல்லிவிடுவேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் யாரும் வருவது நின்றது. நான் கடையில் உட்கார ஆரம்பித்தேன். உடம்பு தேறியது என்று சொல்லலாம். சாப்பிட்டேன், தூங்கினேன், தலை சீவிக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் வந்து உட்காருவது மட்டும் உட்கார்ந்துகொண்டே இருந்தது. சில வருஷம் லேசாக, சில வருஷம் பாரமாக. பாட்டு வரவில்லை. ரேடியோவில் வீணை வந்தால் அத்தை எழுந்து போய் நிறுத்திவிடுவார்.

அக்காவைச் சென்னைப் பக்கம் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வருஷங்கள் இருந்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அங்கேயே காய்ச்சல் வந்து இறந்துபோனார். எங்களுக்கு அது தெரிந்தது பல மாதம் கழித்துத்தான்.

அவர் அப்பா ஒரு நாள் பழனிக்கு வந்தார். மலை ஏறி இறங்கி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு எங்கள் கடை வாசலில் நின்றார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு முக்காலி போட்டேன். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "எனக்குச் சங்கீதம் தெரியாது. அவ நெஜமாவே நல்லா வாசிச்சாளா?"

"எங்க எல்லாரையும் விட நல்லா வாசிச்சாங்க."

தலையாட்டினார். மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "நல்லாத்தானே போனா. எங்க வீட்ல இப்படி யாருக்கும் வந்ததில்ல. அங்க என்னம்மா நடந்துச்சு? நீயும் இருந்தியே. எதையும் மறைக்காமச் சொல்லு, நான் தாங்கிக்குவேன்."

நான் சொன்னேன். விடியற்காலைச் சாதகத்தைச் சொன்னேன். அறைக்கு அறை கேட்கும் குரல்களைச் சொன்னேன். வகுப்பில் ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பப் பாடச் சொல்வதை, குழாயடியில் வாந்தி எடுத்த பெண்ணை, மூன்று பேருக்கு முன்னால் உட்காருவதை. நடுவில் ஒரு கூட்டம் சூடம் கேட்டு வந்தது. நிறுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒன்றுமில்லாத விஷயம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. யாரும் அடிக்கவில்லை. யாரும் பட்டினி போடவில்லை. சொல்லிக்கொடுத்தார்கள், நாங்கள் படித்தோம்.

அவர் கடைசிவரை கேட்டார். "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாங்க."

பிறகு மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வத்தலக்குண்டு பஸ் எப்போது என்று கேட்டார். இப்போது போனால் பிடித்துவிடலாம் என்றேன். வெரசாகப் போகச் சொல்லி அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவர் எழுந்து, அந்த வெயிலில் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, காவடிக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.